கடன்பட்ட காணியும் இரும்புப் பாரனும்

சுவிஸுக்கு வந்த முதல் ஏழு வருடமும் நான் ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு சலாட் மேசை, பிறகு அடுப்படி, இப்போது மதியச் சமையலுக்குப் பொறுப்பு. இங்கே எங்கள் ஆட்கள் பலரின் கதை இதுதான். பெத்தீனோ ரிக்காசோலி என்ற மனிதரை நான் எந்த வழியால் அறிந்தேன் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். அவருடைய குடும்பப் பெயரை முதலில் வாசித்தது ஒரு வெறும் போத்தலில்.

இரவு பதினொரு மணிக்குப் பிறகு வெறும் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கி வெளியே கொண்டுபோய்ப் போடுவதும் கோப்பை கழுவுபவனின் வேலைதான். அவற்றில் அடிக்கடி வந்தது புரோலியோ என்ற சிவப்பு வைன். கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை, கீழே பாரோனே ரிக்காசோலி என்ற பெயர். எங்கள் பட்டியலில் விலை குறைந்த வரிசையில் இருந்தது அது. கடையில் நான் வாங்கியபோதும் 20 பிராங்குக்கு மேலே போகவில்லை. அந்தக் குடும்பம் 1141 ஆம் ஆண்டிலிருந்து ஒரே மலையில் இருக்கிறது என்று முதலாளி ஒருநாள் சொன்னார். எங்கள் குடும்பம் 1990 ஆனியில் வலிகாமம் வடக்கைவிட்டு வெளியேறிய குடும்பம். அதன் பிறகு ஒரே கூரையின்கீழ் தொடர்ந்து ஐந்து வருடம் இருந்த ஞாபகம் எனக்கு இல்லை. எண்ணூறு வருடத்துக்கு மேல் ஒரே மலை என்றபோது கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

கதையல்ல. போன கோடை விடுமுறைக்குப் புளோரன்ஸ் போனபோது, மனைவியும் மகளும் முணுமுணுக்க, ஒருநாளை அதற்காக ஒதுக்கிப் பார்த்துவிட்டு வந்தேன். சியெனா நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 20 கிலோமீற்றரில், கயோலே என்ற சிற்றூரின் எல்லைக்குள் புரோலியோக் கோட்டை இருக்கிறது. வளைந்து வளைந்து ஏறும் தெரு, இரண்டு பக்கமும் திராட்சை, இடையிடையே ஒலிவ் மரங்கள். மேலே சாம்பல் நிறக் கல்மதில். அதற்குள் சிவப்புச் செங்கல்லில் ஒரு மாளிகை.

மகள் மாளிகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஷெல் துண்டு பட்ட சுவரை எனக்கு யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. நடுவில் ஆழமாகக் குழிந்து, சுற்றி விளிம்பு உதிர்ந்து, மழைத்தண்ணீர் ஊறிக் கறுத்துப் போயிருக்கும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேற்குச் சுவர் அப்படித்தான் இருந்தது. இது 1944 கோடையில், போர்முனை தொஸ்கானா மாநிலத்தைக் கடந்து வடக்கே நகர்ந்தபோது விழுந்த அடி. பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

அந்தச் சுவருக்கு அது முதல் அடியுமல்ல. புளோரன்சும் சியெனாவும் இரண்டு தனி அரசுகளாக நூற்றாண்டுக்கணக்கில் சண்டை பிடித்தன. புரோலியோ புளோரன்சின் பக்கம் நின்ற எல்லைக் காவல். கோட்டையில் நின்று பார்த்தால் சியெனாவின் கோபுரங்கள் தெரிகின்றன. எதிரி எவ்வளவு கிட்ட இருந்தான் என்பது அப்போது விளங்குகிறது. 1478 இல் நேப்பிள்ஸ் அரசனின் படையும் சியெனாவும் சேர்ந்து பிடித்து உடைத்தன. புளோரன்ஸ் திரும்பக் கட்டியது. அடுத்த நூற்றாண்டில் மீண்டும் எரிந்தது. போத்தல் கழுத்தில் உள்ள கறுப்புச் சேவலும் அந்தச் சண்டையின் மிச்சந்தான். எல்லையைத் தீர்க்க, சேவல் கூவும் நேரத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் புறப்பட்டு, சந்திக்கும் இடத்தை எல்லையாகக் கொள்வதென்று பேச்சாம். புளோரன்ஸ்காரர் தங்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்களாம். அது நடுச்சாமம் கழிந்த கையோடு கூவியதால் அவர்களின் வீரன் சியெனாவின் வாசல்வரை வந்துவிட்டானாம். கட்டுக்கதையாக இருக்கலாம். ஆனால் எல்லைக் கோடுகள் எப்படி விழுகின்றன என்பதைக் கண்டவர்கள் சொன்ன கதை.

ரிக்காசோலி பிறந்தது 1809 மார்ச் 9 இல், புளோரன்சில். பழைய பிரபுக் குடும்பம், பட்டம் இருந்தது, கோட்டை இருந்தது. பணம் இருக்கவில்லை. காணிகள் கடனில் அமிழ்ந்து கிடந்தன. பதினெட்டு வயதாகும்போது தாய் தகப்பன் இருவரும் இல்லை. சட்டப்படி அவர் இன்னும் பராயமடையாத பிள்ளை. கடன்காரரோடு கையெழுத்துப் போடக்கூட உரிமையில்லை. தொஸ்கானாவை ஆண்ட பெருங்கோமகன் விசேட ஆணை ஒன்றின் மூலம் அவரைப் பராயமடைந்தவர் என்று அறிவித்துத் தம்பிமாருக்குப் பாதுகாவலராகவும் நியமித்தார். படிப்பு இடையில் நின்றது. மூத்த பிள்ளைக்கு என்ன நடக்குமோ அது நடந்தது.

1830 இல் அன்னா பொனக்கோர்சி என்ற பெண்ணை மணந்தார். எலிசபெத்தா என்று ஒரு மகள். இந்த இடத்தில் தொஸ்கானாவில் எல்லாரும் சொல்லும் கதை ஒன்று வருகிறது. புளோரன்சில் ஒரு குளிர்கால நடன விருந்தில் ஓர் இளைஞன் அன்னாவோடு சற்று நெருக்கமாக ஆடினானாம். பாரன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து வண்டியில் ஏறினார். வண்டி நகரத்து வீட்டுக்குப் போகவில்லை. ஆடிய உடுப்போடு, பனிக்குள், இரவிரவாகப் புரோலியோவுக்குப் போனது. அதன் பிறகு வாழ்க்கை பெரும்பாலும் அந்த மலையில்தான். கதையில் எவ்வளவு உண்மை என்று தெரியாவிட்டாலும், 1830களின் கடைசியில் குடும்பத்தோடு அங்கே குடியேறினார் என்பது உண்மை. கடனைக் கட்ட வேண்டியவன் நகரத்தில் விருந்துக்குப் போய்க்கொண்டிருக்க முடியாது. அந்தக் காரணமே எனக்குப் போதும். அன்னாவுக்கு அந்த மலை எப்படி இருந்திருக்கும் என்பதை ஒருவரும் கதையாகச் சொல்வதில்லை. அவர் 1852 இல் இறந்துபோனார்.

புரோலியோவில் கமம் செய்த முறைக்கு மெசாத்ரியா என்று பெயர். எங்கள் வாரக்குத்தகை போன்றது. காணியும் வீடும் சொந்தக்காரனுடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சலில் பாதிக்குப் பாதி. காணிக்காரர்கள் நகரத்தில் இருந்துகொண்டு மேற்பார்வையாளரை வைத்து பாதியை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். ரிக்காசோலி நேரில் வந்து நின்றார். எந்த மாதம் எதை வெட்டுவது, எதை நடுவது, எந்தக் குலையை எப்போது பறிப்பது என்று விதிகள் எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடியானவரைக் கூட்டிப் பாடம் எடுத்தார். கமமும் அதில் இருந்தது, வேதமும் இருந்தது. கடன் மெல்ல மெல்ல அடைபட்டது.

இதை எழுதும்போது எனக்குள் இரண்டு மனம். காணியில் வந்து நிற்கும் சொந்தக்காரன் நல்லவன் என்று எங்கள் அப்பு சொல்வார். ஆனால் அவரே மற்றவரின் தோட்டத்தில் வாரத்துக்குச் செய்தவர். பாதி என்பது எப்படிப்பட்ட பாதி என்று அவருக்குத் தெரியும். பாரனின் விதிகளுக்குக் கீழ்ப்படிந்து கற்களைக் கிண்டி வரப்புக் கட்டிய குடும்பங்களில் ஒன்றின் பெயரையும் நான் கோட்டைக்குள் இருக்கும் சிறு காட்சியகத்தில் காணவில்லை. பாரனின் உயரமான மெலிந்த முகமும் இறுக்கமான வாயும் மட்டும் படங்களில் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்த இறுக்கத்துக்காகத்தான் ஆட்கள் அவரை இரும்புப் பாரன் என்றார்கள்.

வைன் விஷயம் அவருக்கு முதலில் வியாபாரம், பிறகு வைராக்கியம். அந்தக் காலத்துக் கியாந்தி வைன் பெயர்பெற்றதுதான். 1716 இலேயே பெருங்கோமகன் ஒருவர் கியாந்தி என்ற பெயரை எந்தெந்த ஊர்கள் பாவிக்கலாம் என்று எல்லை வகுத்து ஆணையிட்டிருந்தார். ஆனால் தோட்டத்தில் நிற்கும் கறுப்பு, வெள்ளைத் திராட்சை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மிதித்து எடுப்பதே பொதுவான பழக்கம். ஒரு வருடத்து வைன் மற்ற வருடத்தைப்போல இராது, தூரம் போனால் பழுதாகிவிடும். ரிக்காசோலி ஒவ்வொரு இனத்தையும் வேறுவேறாக நட்டு, வேறுவேறாகப் பிழிந்து, வேறுவேறாகச் சுவைத்துப் பார்த்தார். பிரான்ஸ் போய் அங்குள்ள தோட்டங்களையும் நிலவறைகளையும் பார்த்து வந்தார். பிரெஞ்சு இனங்களையும் புரோலியோவில் நட்டுப் பார்த்தார். ஒரு திராட்சைக் கொடி நட்டு, அது ஒழுங்காகக் காய்க்க மூன்று நான்கு வருடம் வேண்டும். வைனாக்கி அது எப்படி முதிர்கிறது என்று பார்க்க இன்னும் சில வருடம். கேள்வி ஒன்றுக்குப் பதில் கிடைக்கப் பத்து வருடம் போய்விடும். இந்த வேலையில் அவர் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார்.

அரசியல் இந்த முப்பது வருடத்துக்கு நடுவில்தான் வந்தது. 1847 இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். 1848 இல் புளோரன்ஸ் நகரத்தின் தலைவரானார். அடுத்த வருடம் ஆஸ்திரியப் படை வந்து தொஸ்கானாவில் இறங்கியதும் ஒதுங்கித் திரும்பவும் நிலத்துக்குப் போய்விட்டார். கிரொசெத்தோப் பக்கம் மலேரியா பிடித்த சதுப்பு நிலங்களில் புதிய அறுவடை இயந்திரங்களை இறக்கிக் கமம் செய்து பார்த்தது அந்த வருடங்களில். 1859 இல் பெருங்கோமகன் புளோரன்சை விட்டுப் போனபோது உள்துறை அமைச்சராகி, மாநிலம் முழுவதையும் கையில் எடுத்தார். தொஸ்கானா தனி அரசாக இருப்பதா, ஒன்றுபட்ட இத்தாலியில் சேர்வதா என்று 1860 மார்ச்சில் வாக்கெடுப்பு நடந்தது. சேரவேண்டும் என்று 3 இலட்சத்து 66 ஆயிரத்துக்கு மேல். தனியாக இருக்கவேண்டும் என்று 15 ஆயிரத்துக்குக் குறைவு. 1861 ஜூனில் இத்தாலியின் முதலாவது பிரதமர் கவூர் இறந்துபோக, இரண்டாவது பிரதமராக ரிக்காசோலி வந்தார். ஒன்பது மாதம்கூட நிற்கவில்லை. வளைந்து கொடுக்கத் தெரியாதவர், அரசருக்கும் அவரைப் பிடிக்காது.

1866 இல் மீண்டும் பிரதமர். அவர் பொறுப்பேற்ற ஜூன் 20 ஆம் திகதியே ஆஸ்திரியா மீது போர் அறிவிக்கப்பட்டது. வெனிஸ் நகரமும் அதைச் சுற்றிய நிலமும் அப்போது ஆஸ்திரியாவிடம் இருந்தன. நாலாம் நாள் கஸ்தோசாவில் இத்தாலியத் தரைப்படை தோற்றது. பிரஷ்யாவோடு செய்த கூட்டைக் கைவிட்டால் வெனிஸை வாங்கித் தருகிறேன் என்று பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வழி காட்டினார். ரிக்காசோலி மறுத்தார். கொடுத்த வாக்கு வாக்குத்தான். இன்னொருவர் கையால் நிலத்தைப் பிச்சையாக வாங்குவதும் அவமானம். போர் தொடர்ந்தது. ஜூலை 20 இல் லிஸ்ஸாத் தீவுக்கு அருகே நடந்த கடற்சமரில் இரண்டு இரும்புக் கப்பல்கள் போயின. இத்தாலியக் கடற்படையினர் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கடைசியில் வெனிஸ் இத்தாலிக்குக் கிடைத்தது, அதே பிரெஞ்சுப் பேரரசரின் கையால்.

வரலாற்று நூல்கள் இந்த மறுப்பை அவருடைய நேர்மைக்கு உதாரணமாகச் சொல்கின்றன. பிரஷ்யா கொடுக்க வந்த பெரிய விருதையும் அவர் ஏற்கவில்லை. அந்தக் கூட்டை உண்மையில் செய்து முடித்த லா மார்மொராவுக்கு அது கிடைக்கவில்லை என்பதால். நேர்மையானவர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் லிஸ்ஸாவில் மூழ்கிய பிள்ளைகளின் தாய்மாருக்கு அந்த நேர்மை என்ன விலைக்கு வந்தது என்று கேட்காமல் இந்தப் பந்தியைத் தாண்ட என்னால் முடியவில்லை. விட்டுக்கொடுக்காத தலைவர்களைப் பற்றி வாசிக்கும்போது எங்கள் ஆட்களில் பாதிப்பேர் தலை நிமிர்வார்கள், பாதிப்பேர் தலை குனிவார்கள். நான் எந்தப் பாதி என்பது நாளைக்கு நாள் மாறும்.

1867 ஏப்ரலில் பதவியை விட்டார். அதன் பிறகு நாடாளுமன்றத்தில் அவர் வாய் திறந்தது குறைவு. மலைக்குத் திரும்பினார். இடிந்தும் ஒட்டியும் கிடந்த கோட்டைக்குள் அந்தச் சிவப்புச் செங்கல் மாளிகையை எழுப்பியதும் அவர்தான். சுற்றியுள்ள சாம்பல் கல்லோடு அது ஒட்டவில்லை என்பது என் எண்ணம்.

அவர் பிரதமராக இருந்ததை இன்று இத்தாலியர்களே மறந்துவிட்டார்கள். எங்கள் உணவகத்தில் வேலைசெய்யும் நேப்பிள்ஸ் பையனுக்குத் தெரியவில்லை. மறக்காமல் இருப்பது 1872 இல் பீசாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் செசாரே ஸ்துதியாத்திக்கு அவர் எழுதிய ஒரு கடிதம். முப்பது வருடம் தேடியதற்கு அதில் பதில் இருக்கிறது. வைனின் முதுகெலும்பு சாஞ்சோவேத்தோ, இன்று சாஞ்சோவேசே என்று சொல்லப்படும் கறுப்புத் திராட்சை. வாசமும் வலுவும் அதிலிருந்துதான். அதன் கடுமையைத் தணிக்கக் கனயோலோ என்ற இன்னொரு கறுப்பு இனம், வாசத்தைக் கெடுக்காத அளவில். மூன்றாவதாக மல்வாசியா, வெள்ளை. அது சேர்ந்தால் வைன் இலேசாகும், அன்றாடம் சாப்பாட்டோடு குடிக்க நல்லது. வருடக்கணக்கில் வைத்து முதிரவைக்கும் வைன் என்றால் மல்வாசியாவை விட்டுவிடலாம். ஆக, அவர் எழுதியது ஒரு செய்முறை அல்ல, இரண்டு. அன்றாடக் குடிக்கு ஒன்று, வைத்துக் குடிக்க ஒன்று.

1880 ஒக்டோபர் 23 இல் புரோலியோவில் காலமானார். கோட்டைக்குள் இருக்கும் சிற்றாலயத்தின் கீழே குடும்பக் கல்லறை. அவருடைய ஆவி இரவில் குதிரையில் திரிகிறது என்று ஊரார் சொல்வார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் பாடம் கேட்டவர்களின் பிள்ளைகள் கட்டிய கதையாக இருக்க வேண்டும்.

அவர் போன பிறகு அந்தக் கடிதத்துக்கு நடந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கியாந்தி உலகமெங்கும் விலைப்பட்டது. வைக்கோல் சுற்றிய குண்டுப் போத்தலில், மலிவு வைன் என்ற பேரோடு. 1967 இல் இத்தாலிய அரசு கியாந்திக்குச் சட்டம் எழுதியபோது 10 முதல் 30 வீதம் வரை வெள்ளைத் திராட்சை கட்டாயம் சேரவேண்டும் என்று வைத்தது. பாரன் சொன்ன முறை என்று அதற்குப் பேர். விட்டுவிடலாம் என்று அவர் எழுதிய பகுதி கட்டாயமாகிவிட்டது. அதிலும் மல்வாசியாவைவிட அதிகம் போனது திரெபியானோ என்ற நீர்த்த இனம். அவருடைய செய்முறையில் அது இல்லவே இல்லை. நன்றாகச் செய்ய விரும்பியவர்கள் கியாந்தி என்ற பெயரையே விட்டுவிட்டு வேறு பெயரில் விற்றார்கள். பாரனின் பழைய மலைநிலம் இன்று கியாந்தி கிளாசிக்கோ என்று தனியாக வழங்கப்படுகிறது. அங்கே 1996 இல்தான் வெள்ளை சேர்க்காமலும் செய்யலாம் என்று அனுமதி வந்தது. 2006 இல் வெள்ளையே சேர்க்கக்கூடாது என்றானது. கடிதம் எழுதி 134 வருடம்.

இதற்கிடையில் மெசாத்ரியாவும் போனது. 1964 இல் புதிதாக அப்படி ஒப்பந்தம் செய்வதைச் சட்டம் தடுத்தது. அதற்கு முன்பே குடியானவரின் பிள்ளைகள் தொழிற்சாலை தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பாதிப் பங்குக்கு உழைக்க ஆள் இல்லாத கோட்டைக்காரர்களின் கைப்பிடியும் தளர்ந்தது. ரிக்காசோலி வைன் வியாபாரம் வெளிநாட்டுப் பெரிய கம்பனிகளின் கைக்கு மாறியது, தரம் விழுந்தது. 1993 இல் பாரனின் வழித்தோன்றல் ஒருவர் அதைத் திரும்பக் கைக்கு எடுத்து, பழைய கொடிகளைப் பிடுங்கி, துண்டு துண்டாக மண்ணை ஆராய்ந்து புதிதாக நட்டார். ஆகவே 1141 என்று போத்தலில் எண்ணும்போது நடுவில் ஒரு இடைவெளியும் இருக்கிறது. அதை முதலாளி எனக்குச் சொல்லவில்லை.

இன்று சுமார் 1,200 ஹெக்டேயர் நிலம், அதில் 240 அளவில் திராட்சை. இவ்வளவு பெரிய தோட்டமாக இருப்பதால்தான் புரோலியோவை என்னைப்போன்றவர் வாங்கக்கூடிய விலைக்குக் கொடுக்க முடிகிறது. ஒரே ஒரு துண்டுக் காணியில் விளையும் கொலெதிலா போன்ற போத்தல்களுக்கு அதைப்போலப் பல மடங்கு கேட்கிறார்கள். அவற்றை நான் குடித்ததில்லை. புரோலியோ பெரிதும் சாஞ்சோவேசேதான். முதல் வாயில் புளி, பழுக்காத செரிப்பழம்போல. பிறகு நாக்கின் ஓரமெல்லாம் துவர்ப்பு, சாயம் கூடிப்போன பிளேன்ரீ குடித்தமாதிரி. தனியாகக் குடித்தால் முகம் சுளிப்பீர்கள். ஆட்டிறைச்சியோடு சரியாக வரும். எங்கள் உறைப்புக் கறியோடு வராது, நான் பரிசோதித்துவிட்டேன்.

கோட்டைக் கடையில் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு கார் தரிப்பிடத்தில் நிற்கும்போது கனடாவிலிருந்து தம்பி எடுத்தான். எங்கள் காணி 2017 இல் விடுபட்டது. வீடு இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது, எல்லைக் கல்லைத் தேடிப் பிடிக்கவே இரண்டு வருடம் போனது. ஒருவர் நல்ல விலை கேட்கிறார், முடிவு சொல் என்று ஒரு மாதமாகத் தம்பி நெருக்குகிறான். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கடன் அவனுக்கும் இருக்கிறது. எனக்கு ஆணை எழுதித்தரப் பெருங்கோமகன் இல்லை, வாரத்துக்கு உழைக்கக் குடியானவர் இல்லை, வருடத்தில் நாலு கிழமைதான் விடுமுறை. ஊரில் நீர்வேலிப் பக்கம் திராட்சைப் பந்தல் போட்டிருக்கும் மச்சானிடம் மண்ணைக் காட்டிக் கேட்கவேண்டும் என்று மட்டும் நினைத்தேன். முதலில் கிணற்றை இறைப்போம், தைப்பொங்கலுக்குப் பிறகு பேசுவோம் என்று தம்பிக்குச் சொன்னேன். குடித்திருக்கிறாயா என்று கேட்டான். இன்னும் போத்தல் திறக்கவில்லை என்றேன்.